இந்தோனேசியக் கிராமங்களில் மத நிதானம் எங்கே உருவாகிறது?

கேள்வி இது: நஹ்ழத்துல் உலமா, முஹம்மதியா என்ற இரண்டு பெரிய இஸ்லாமிய அமைப்புகள் இருப்பதால்தான் இந்தோனேசியக் கிராமங்களில் மதத் தீவிரம் வேர்பிடிக்கவில்லை என்று சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் எப்படி நடக்கிறது? அரசு நடத்தும் ‘மொடராசி பெரகாமா’ என்ற மத நிதானத் திட்டத்துக்கு இதில் பங்கு உண்டா?

பெருமளவு உண்மை. ஆனால் தலைமையகத்தின் தீர்மானங்களையும் அறிஞர்களின் உரைகளையும் மட்டும் படித்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு கிராமத்தில் சாவு விழுந்தால் யார் வருகிறார்கள், ரமழான் இரவில் யார் எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கோயிலோ சர்ச்சோ கட்ட நினைத்தால் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இந்த அமைப்புகளின் பலமும் குறையும் அங்கேதான் இருக்கின்றன என்பது என் துணிபு.

முதலில் அமைப்புகளைப் பற்றி. முஹம்மதியாவை 1912 நவம்பர் 18 அன்று யோக்யகர்த்தாவில் அஹ்மத் தஹ்லான் தொடங்கினார். குர்ஆனிலும் ஹதீஸிலும் ஆதாரம் இல்லாத சடங்குகளைக் களைவது, நவீனப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அனாதை இல்லங்களும் நடத்துவது என்று இரண்டு வேலைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட அமைப்பு அது. அதற்கு 13 ஆண்டுகள் கழித்து, 1926 ஜனவரி 31 அன்று, சுரபாயாவில் நஹ்ழத்துல் உலமா உருவானது. ஜோம்பாங் தெபுயிரெங் மதரசாவின் ஹாஷிம் அஷ்அரியும் வஹாப் ஹஸ்புல்லாவும் அதன் முன்னணித் தலைவர்கள். மத்ஹப் என்ற சட்ட மரபைப் பின்பற்றுவது, கப்ரு ஜியாரத் (அடக்கத்தலங்களுக்குச் செல்வது), மௌலிது (நபி புகழ் ஓதுவது), இறந்தவருக்காக ஓதுவது ஆகிய மரபுகளைக் காக்க நினைத்த, ஆலிம்கள் எனப்படும் கிராமத்து மார்க்க அறிஞர்களின் அமைப்பு அது. அந்த ஆலிம்களை அங்கே கியாய் என்பார்கள்; அவர்கள் நடத்தும் தங்கும் மதரசாவுக்குப் பெசந்த்ரேன் என்று பெயர். நம் காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்தில் உள்ள அதே ஷாஃபிஈ மத்ஹப்தான் அங்கேயும். பாத்திஹா ஓதலாமா கூடாதா, ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா (தொழுகைச் சுற்றா) இருபதா என்று நம் ஊர்களில் நடக்கும் விவாதம் முழுவதும் அங்கே நூறாண்டுகளாக நடந்துவருகிறது என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

இரண்டுக்கும் மேலிருந்து கீழ் வரை அடுக்கடுக்கான கட்டமைப்பு உண்டு. கடைசி அடுக்கின் பெயர் ‘ரான்டிங்’. கிராமக் கிளை என்று வைத்துக்கொள்ளலாம். இதன் பொறுப்பாளர் முழுநேர மதப் பணியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளி ஆசிரியரோ விவசாயியோ கடைக்காரரோ ஓய்வு நேரத்தில் பார்க்கும் பொறுப்பு அது. மதத்தைப் பற்றிப் பேசுகிறவரும் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவரும் ஒரே ஆளாக இருப்பதால், யாரோடும் ஒரேயடியாக முறித்துக்கொள்ள அவரால் முடியாது. நான் இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

ஜாவா கிராமத்தில் ஒருவர் இறந்தால் தொடர்ந்து ஏழு இரவுகள் அக்கம்பக்கத்து ஆண்கள் அந்த வீட்டில் கூடி, பாயில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயமும் இறைநாமத் திக்ருகளும் ஓதுவார்கள். இதுதான் தஹ்லிலான். பிறகு நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஆண்டு நிறைவு என்று போய் ஆயிரமாவது நாளில் முடியும். கலையும்போது ஒவ்வொருவர் கையிலும் ‘பெர்கத்’ என்ற சோற்றுப் பொட்டலம் இருக்கும். நஹ்ழத்துல் உலமா மக்களுக்கு இது இல்லாமல் சாவு நிறைவடையாது. முஹம்மதியாவோ இதை நடத்துவதில்லை. ஆதாரம் இல்லை என்பது ஒரு வாதம். துக்கத்தில் இருக்கும் ஏழைக் குடும்பம் கடன் வாங்கி ஊருக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு வாதம். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு என்று மறுதரப்பிலும் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

ஒரே தெருவில் இரண்டு தரப்பும் இருந்தால் என்ன ஆகும்? தொடக்க காலத்தில் கடுமையான சண்டைகள் நடந்தன. திருமண உறவுகள் தடைபட்டன, பள்ளிவாசல்கள் பிரிந்தன. காலப்போக்கில் எழுதப்படாத ஒரு வழக்கம் உருவானது. முஹம்மதியாக்காரர் தன் வீட்டில் தஹ்லிலான் வைக்கமாட்டார். ஆனால் பக்கத்து வீட்டில் சாவு என்றால் துக்கம் கேட்கப் போவார், உட்காருவார், துஆவில் கலந்துகொள்வார். அவர் வீட்டில் சாவு நடந்தால் மற்றவர்கள் ஓதலை எதிர்பார்க்காமல் ஜனாஸாவைத் தூக்க வருவார்கள். ரமழானிலும் இதே போலத்தான். சில பள்ளிவாசல்களில் எட்டு ரக்அத் முடிந்ததும் ஒரு பகுதியினர் ஒதுங்கி, இறுதித் தொழுகையான வித்ரு தொழுதுவிட்டுப் போக, மீதிப்பேர் இருபது வரை தொடர்வார்கள். யாரும் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொருவர் வேறுவிதமாகத் தொழுவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் பழக்கம் மட்டும் ஊருக்கு வந்துவிட்டது. இந்தப் பழக்கத்தை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் இடையே இது கைகூடாத ஊரில் மற்ற மதத்தாரோடு நல்லுறவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பெருநாளன்றும் இதே சோதனை வரும். முஹம்மதியா பிறையை வானியல் கணக்கு வைத்து முன்கூட்டியே அறிவித்துவிடும். அரசும் நஹ்ழத்துல் உலமாவும் பிறை பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளும். 2011-இல் முஹம்மதியாவுக்கு ஆகஸ்ட் 30, அரசுக்கு ஆகஸ்ட் 31. 2023-இல் ஏப்ரல் 21, ஏப்ரல் 22. அந்த ஆண்டு சில நகர நிர்வாகங்கள் முஹம்மதியாவின் பெருநாள் தொழுகைக்குத் திடலைத் தர முதலில் மறுத்தன. பொது இடங்களை அவர்களுக்கும் தர வேண்டும் என்று அன்றைய மத அமைச்சர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். கவனியுங்கள், மறுத்தது அலுவலகம். கிராமத் தெருக்களில் ஒரே வீட்டில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிய குடும்பங்களும் உண்டு.

அடுத்தது, கையில் எடுக்கும் வேலை. நஹ்ழத்துல் உலமாவின் கிராமக் கிளைகள் பல ‘கோயின் என்.யு.’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு சிறு உண்டியல் வைத்து, சேர்ந்த சில்லறையை மாதந்தோறும் திரட்டுகின்றன. ஆம்புலன்ஸ், நோயாளிக்கு உதவி, மதரசாப் பழுதுபார்ப்பு என்று அந்தப் பணம் போகும். முஹம்மதியாவிடம் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும், பெரிய பல்கலைக்கழகங்களும், ஆயிரக்கணக்கான பள்ளிகளும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் கிழக்குப் பகுதிகளில் இவை என்ன செய்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஃபுளோரெஸ் தீவின் எண்டேயிலும் பப்புவாவின் செருயிலும் உள்ள முஹம்மதியா பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்தவ மதபாடம் நடத்தக் கிறிஸ்தவ ஆசிரியர்களே இருக்கிறார்கள். குப்பாங்கில் உள்ள முஹம்மதியா பல்கலைக்கழகத்தில் பெரும்பான்மை மாணவர்கள் முஸ்லிம் அல்லாதவர்கள். மாணவர் தன் மதத்தைத் தன் மத ஆசிரியரிடமே கற்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சொல்கிறது. அதை மனமாரச் செய்துகாட்டும் இஸ்லாமிய நிறுவனங்களாக இவை நிற்கின்றன.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். மேலிடத்துத் தீர்மானம் தானாகக் கிராமத்துக்குள் இறங்கிவிடாது என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். கிழக்கு ஜாவாவின் சித்துபொண்டோ. 1984-இல் அங்குள்ள சுகோரெஜோ பெசந்த்ரேனில் கூடிய மாநாட்டில்தான் நஹ்ழத்துல் உலமா பஞ்சசீலா என்ற ஐந்து கொள்கைகளை நாட்டின் அடிப்படையாக முறைப்படி ஏற்றது. கட்சி அரசியலிலிருந்து விலகி 1926-இன் சமூகப் பணிக்குத் திரும்புவதாகவும் அறிவித்தது. அப்துர்ரஹ்மான் வாஹித் தலைவரானதும் அங்கேதான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1996 அக்டோபர் 10 அன்று, அதே சித்துபொண்டோவில் ஒரு வழக்கின் தீர்ப்பில் ஆத்திரமடைந்த கூட்டம் ஊர் ஊராகச் சர்ச்சுகளைக் கொளுத்தியது. ஒரு போதகரும் அவர் குடும்பத்தாரும் உயிரிழந்தார்கள். அது நஹ்ழத்துல் உலமாவின் கோட்டை. வாஹித் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்துமஸ் இரவுகளில் அமைப்பின் இளைஞர் படையான பான்சர் சர்ச் வாசல்களில் காவல் நிற்கும் வழக்கம் வலுப்பெற்றது அதன் பிறகுதான். 2000 டிசம்பர் 24 அன்று மோஜோகெர்தோவில் சர்ச் ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட குண்டை வெளியே எடுத்துக்கொண்டு ஓடி, அது வெடித்து உயிர்விட்ட ரியான்டோ பான்சர் தொண்டர்தான். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை யாரும் முடிக்கமாட்டார்கள், சொல்லவும் வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1962-இல் தொடங்கப்பட்ட இதே பான்சர் 1965-66-இல் கிழக்கு ஜாவாக் கிராமங்களில் கம்யூனிஸ்ட்டுகள் என்று குறிக்கப்பட்டவர்களைக் கொன்றதில் பங்கெடுத்தது. வாஹித் 2000-இல், ஜனாதிபதியாக இருந்தபோது, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். ஊரைக் காக்கத் திரட்டிய அதே கட்டுக்கோப்பு ஊர்க்காரரையே வேட்டையாடவும் உதவியிருக்கிறது. அமைப்பு வலுவாக இருக்கிறது என்பதோடு நாம் நிம்மதியடைந்துவிட முடியாது. அந்த வலு யாருக்காகப் பயன்படுகிறது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்க வேண்டியிருக்கிறது.

கிழக்கு ஜாவாவின் லமோங்கான் மாவட்டத்தில் இரண்டு கிராமங்கள். ஒன்று பாலூன். ‘பஞ்சசீலா கிராமம்’ என்று பேர்பெற்றது. பள்ளிவாசலும் சர்ச்சும் இந்துக் கோயிலும் கிராமத் திடலைச் சுற்றி அருகருகே நிற்கின்றன. 1965-க்குப் பிந்தைய கொந்தளிப்பில், எல்லோரும் ஏதாவதொரு அங்கீகரிக்கப்பட்ட மதத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, முஸ்லிம் கிராமமாக இருந்த இங்கே சிலர் கிறிஸ்தவரானார்கள், சிலர் இந்துவானார்கள். குடும்பங்கள் பிரியவில்லை. அண்ணன் முஸ்லிம், தம்பி கிறிஸ்தவர், சித்தி இந்து என்ற வீடுகள் அங்கே இயல்பு. இந்துக்களின் ஞேப்பி நாளுக்கு முந்தைய ஓகோ-ஓகோ உருவ ஊர்வலத்தில் மற்ற மதத்து இளைஞர்களும் தோள்கொடுக்கிறார்கள். மற்றொன்று தெங்குலுன். 2002 அக்டோபர் 12 அன்று 202 பேரைக் கொன்ற பாலி குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட அம்ரோசி சகோதரர்களின் ஊர். அவர்களுடைய தம்பியும் ஒருகாலத்தில் அதே பாதையில் நடந்தவருமான அலி ஃபவுசி, 2016-இல் முன்னாள் கைதிகளை ஊர் வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டுவர அங்கேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மாவட்டம் ஒன்று, மொழி ஒன்று, இரு பேரமைப்புகளின் செல்வாக்கும் உள்ள பகுதி. ஆகவே அமைப்பு இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்ற விளக்கம் போதாது. பாலூனில் வேற்று மதத்தார் அண்ணன் தம்பியாகவே இருப்பதை எந்த அமைப்பும் கொண்டுவரவில்லை. அங்குள்ள கியாய்கள் அதைக் குலைக்காமல் விட்டார்கள், அதுவே அவர்களுடைய பெரிய பங்களிப்பு.

இனி, எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. மதுரா தீவின் சம்பாங்கில் சுன்னி முஸ்லிம் பெரும்பான்மைக்கு நடுவே ஒரு சிறு ஷியா சமூகம் இருந்தது. எல்லோரும் அதே ஊரின் சொந்தபந்தங்கள். குடும்பச் சச்சரவும் உள்ளூர் ஆலிம்களின் எதிர்ப்பும் சேர்ந்து வளர்ந்து, 2011 டிசம்பரிலும் 2012 ஆகஸ்ட் 26 அன்றும் அவர்கள் வீடுகள் எரிக்கப்பட்டன. தாக்கப்பட்ட சமூகத்தின் தலைவரான தஜுல் முலுக்கே மத நிந்தனைக் குற்றத்தில் சிறைக்குப் போனார். மக்கள் ஒரு விளையாட்டரங்கிலும், பிறகு சிதோவார்ஜோவின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அகதிகளாகப் பல ஆண்டுகள் கிடந்தார்கள். 2020-இல் தஜுல் முலுக்கும் அவரோடு இருந்த பெரும்பாலானோரும் சுன்னி வழிக்குத் திரும்பியதாக உறுதிமொழி எடுத்த பிறகுதான் ஊர் திரும்பும் வழி திறந்தது. இதற்கு முன்பே, 2011 பிப்ரவரி 6 அன்று, பாந்தென் மாகாணத்தின் சிக்கெயூசிக் கிராமத்தில் அஹ்மதியா என்ற சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த மூவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகளுக்கு மூன்று முதல் ஆறு மாதச் சிறை மட்டுமே கிடைத்தது.

நஹ்ழத்துல் உலமாவும் முஹம்மதியாவும் தேசிய மட்டத்தில் வன்முறையைக் கண்டித்தன. ஆனால் மதுராவில் கியாயின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஊரும் அமைப்பும் பிரிக்க முடியாதபடி ஒன்று கலந்த இடம் அது. மேலே தஹ்லிலானில் சொன்ன அதே நெருக்கம், ஊர் வழக்கத்துக்குள் அடங்குகிறவரைத்தான் தாங்குகிறது. இரு தரப்பும் ஓரளவு சமபலத்தோடு இருக்கும் ஜாவா ஊரில் அது விட்டுக்கொடுத்தலாக வெளிப்படுகிறது. ஒரு பக்கம் ஊர் முழுவதும், மறுபக்கம் நாற்பது ஐம்பது குடும்பங்கள் என்றால் அதுவே அவர்களை வெளியே தள்ளுகிறது. கிராமத்து ஒற்றுமையைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். அப்படிக் கடந்துபோவதை நான் ஏற்கவில்லை.

சட்டமும் இதே பெரும்பான்மைக் கணக்கில்தான் நிற்கிறது. மத அமைச்சரும் உள்துறை அமைச்சரும் 2006-இல் வெளியிட்ட கூட்டு விதிப்படி, ஒரு வழிபாட்டுத் தலம் கட்ட அதைப் பயன்படுத்தும் 90 பேரின் பெயர்களும், சுற்றுவட்டாரத்தில் வாழும் வேறு 60 பேரின் ஆதரவுக் கையெழுத்துகளும் வேண்டும். எந்த மதம் எங்கே சிறுபான்மையோ அங்கே இது தடையாகிறது. ஜாவாவில் சர்ச்சுக்கு என்றால், கிழக்கே சில இடங்களில் பள்ளிவாசலுக்கு.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமத்தில் மிக ஒழுங்காகக் கூடுகிறவர்கள் அவர்கள்தான். முஹம்மதியாவின் பெண்கள் பிரிவான ஆயிஷியா 1917-லிருந்து இருக்கிறது. நஹ்ழத்துல் உலமாவில் முஸ்லிமாத்தும், இளம்பெண்களுக்கான ஃபத்தாயாத்தும். வாராந்திர யாசீன் ஓதல், சீட்டு, தாய்-சேய் நலம் எல்லாம் ஒரே கூட்டத்தில் நடக்கும். 2017 ஏப்ரலில் சிரெபோன் அருகே ஒரு பெசந்த்ரேனில் பெண் ஆலிம்கள் தேசிய மாநாடு நடத்தி, சிறார் திருமணத்தின் தீமையைத் தடுப்பது கடமை என்று ஃபத்வா தந்தார்கள். 2019-இல் பெண்களின் குறைந்தபட்சத் திருமண வயது 16-லிருந்து 19 ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டே வயது விலக்குக் கேட்டு மத நீதிமன்றங்களுக்கு 60,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. ஃபத்வாவும் சட்டமும் வந்தபிறகு மிச்ச வேலை அந்த யாசீன் கூட்டங்களில்தான் நடந்தாக வேண்டும். பல இடங்களில் நடந்துகொண்டும் இருக்கிறது.

இப்போது அரசுத் திட்டம். மத அமைச்சகம் 2019-இல் இதற்கு வடிவம் தந்தது. நாட்டுப்பற்று, சகிப்புத்தன்மை, வன்முறை மறுப்பு, உள்ளூர்ப் பண்பாட்டை ஏற்றல் என்று நான்கு அளவுகோல்கள். 2020-24 தேசியத் திட்டத்தில் சேர்ந்தது; 2023-இல் ஜனாதிபதி ஆணை எண் 58 ஆனது; அதே ஆண்டு கிராமங்களை ‘மத நிதானக் கிராமம்’ என்று அறிவிக்கும் பணியும் தொடங்கியது. வட்டார மத அலுவலகங்களின் மத ஊக்குநர்கள் இதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். பாகுபாடான பேச்சு வரும்போது, இது அரசுக் கொள்கைக்கு எதிரானது என்று எடுத்துச்சொல்ல ஓர் ஊக்குநருக்கு இது துணிவு தருகிறது. ஆனால் நான்கு அளவுகோல்களிலும் சிறுபான்மையினரின் உரிமை என்பது தனியாக இல்லை. பதாகையும் வளைவும் வைத்த கிராமத்தில் ஒரு சிறு சபை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபம் நடத்த முடியாமல் போகலாம். அளவுகோல்களில் அது தெரியாது.

முஸ்லிம் அல்லாத குடிமக்களை காஃபிர் என்று அழைக்க வேண்டாம், அவர்கள் சம குடிமக்கள் என்று நஹ்ழத்துல் உலமா 2019-இல் பஞ்சார் நகரில் கூடி முடிவெடுத்தது. முஹம்மதியா 2015 மக்காசர் மாநாட்டில் இந்தோனேசியக் குடியரசை எல்லோரும் சேர்ந்து செய்த உடன்படிக்கையின் நாடு என்று அறிவித்தது. இரண்டுமே பெரிய அடிவைப்புகள். சித்துபொண்டோவை நினைத்தால், இவையும் கிராமக் கிளைக்கு இறங்க ஒரு தலைமுறை ஆகலாம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கிராமத்தில் இந்த நிதானத்தைத் தாங்கி நிற்பது ரான்டிங்தான், திட்டம் அதற்குத் துணை. ஒரு கிராமத்தில் அது உண்மையாக இருக்கிறதா என்று அறிய விரும்பினால் அறிவிப்புப் பலகையைப் பார்க்காதீர்கள். அந்த 60 கையெழுத்துகளின் பட்டியலை எடுத்து, ரான்டிங் தலைவரின் பெயரும் உள்ளூர் கியாயின் பெயரும் அதில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்று பாருங்கள்.